பொய்க்குப் பதில் ஓர் எல்லை

வெளியூரில் தங்கி வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பெற்றோரிடம் நிறையப் பொய் சொல்கிறார்கள். நண்பர்களோடு திரையரங்கில் இருந்துகொண்டு "ஆபீஸ்ல மீட்டிங்" என்கிறார்கள். சம்பளம் உயர்ந்ததைச் சொல்வதில்லை. சொன்னால் அந்தப் பணத்துக்கு ஊரில் ஏற்கெனவே ஒரு செலவு காத்திருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போடும்போது சொந்தக்காரர்கள் கண்ணில் படாதபடி பார்த்துக்கொள்கிறார்கள். யாரைக் காதலிக்கிறோம், யாரோடு அறையைப் பகிர்ந்துகொள்கிறோம், எந்த வேலையை ஏன் விட்டோம் என்று மறைக்க வேண்டியவற்றின் பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு நீள்கிறது. இவர்களில் பெரும்பாலோர் பெற்றோரை வெறுப்பவர்கள் அல்லர். அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று மறக்காமல் கேட்பவர்கள். அப்பாவின் கண் அறுவைச் சிகிச்சைக்கு விடுப்பெடுத்துக்கொண்டு ஊருக்கு ஓடுபவர்கள். இவ்வளவு பாசம் இருக்கும் உறவில் ஏன் இவ்வளவு பொய்யும் இருக்கிறது என்பதை நாம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

பெற்றோருக்கும் பிள்ளைக்கும் நடுவில் எல்லை என்ற பேச்சே நம்மில் பலருக்குப் பிடிப்பதில்லை. பெற்றவர்களிடம் போய்க் கணக்குப் பார்ப்பதா என்று கோபம் வருகிறது. ஆனால் மேலே சொன்ன பொய் ஒவ்வொன்றும் ஓர் எல்லைதான். 'இது என் விஷயம், இதில் நீங்கள் தலையிட வேண்டாம்' என்பதை நேரே சொல்லத் துணிவில்லாதபோது அது பொய்யாக வெளிவருகிறது. ஆகவே எல்லை வேண்டுமா வேண்டாமா என்று இனி விவாதிப்பதில் பயனில்லை. அது வளர்ந்த பிள்ளைகள் உள்ள எல்லா வீட்டிலும் ஏற்கெனவே இருக்கிறது. அது மறைவாக இருக்க வேண்டுமா, வெளிப்படையாக இருக்க வேண்டுமா என்பதுதான் நம் முன் உள்ள கேள்வி. வெளிப்படையாக, மரியாதையோடு, பெற்றோருக்குச் செய்ய வேண்டிய கடமையை முதலில் உறுதிசெய்துவிட்டு வகுக்கும் எல்லை உறவைக் காப்பாற்றும் என்பதும், மறைத்துப் போடும் எல்லை அதை அரித்துவிடும் என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம்.

இது வசதி படைத்த சிலருடைய பிரச்சினை என்று ஒதுக்க முடியாது. தமிழ்நாட்டில் உயர்கல்வி வயதில் இருப்பவர்களில் கல்லூரியில் சேர்வோரின் விகிதம் 2021-22 கணக்கெடுப்பின்படி 47 சதவீதம். நாட்டின் சராசரியைவிட மிக அதிகம். படித்தவர்கள் வேலைக்காகச் சென்னைக்கும் கோவைக்கும் பெங்களூருக்கும் போகிறார்கள். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 10-ல் 4 பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கான குடியிருப்பை அரசு 2024 ஆகஸ்டில் திறந்தது. விவசாயக் கூலியின் மகளும் ஆசிரியரின் மகனும் இன்று ஒரே மாதிரி வீட்டுக்கு வெளியே தங்கித் தம் சம்பளத்தில் வாழ்கிறார்கள். இன்னொரு பக்கம் குடும்பம் சுருங்கிவிட்டது. 1970-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாக ஏறத்தாழ 4 குழந்தைகள் பெற்றார். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் அது 1.8. நாலைந்து பிள்ளைகள் மேல் பரவியிருந்த பெற்றோரின் கவலையும் எதிர்பார்ப்பும் கண்காணிப்பும் இன்று ஒருவர் அல்லது இருவர் மேல் மொத்தமாக இறங்குகின்றன.

தொலைவு செய்துவந்த வேலையையும் கைபேசி இல்லாமலாக்கிவிட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் வெளியூர் போன பிள்ளை வாரம் ஒரு கடிதம் எழுதினால் பெரிது. பிறகு எஸ்டிடி பூத் வந்தது. கட்டணம் குறையும் இரவு நேரம் பார்த்து, சுருக்கமாகப் பேசிவிட்டு வைப்பார்கள். மற்ற நாள்களில் பிள்ளை என்ன செய்கிறான் என்று தெரியாது, தெரியாமல் இருப்பதை யாரும் துரோகமாக நினைக்கவும் இல்லை. இன்று பிள்ளை கடைசியாக எத்தனை மணிக்கு வாட்ஸ்அப் பார்த்தான் என்பது வரை அம்மாவுக்குத் தெரியும். கல்லூரிக் காலத்தில் அப்பாவின் எண்ணைக் கொடுத்துத் திறந்த வங்கிக் கணக்கு அப்படியே இருந்தால், பிள்ளை எடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அப்பாவுக்குக் குறுஞ்செய்தி போகும். இருக்கும் இடத்தைத் தொடர்ந்து காட்டும் வசதியை அணைத்தால் ஏன் அணைத்தாய் என்ற கேள்வி வரும். தொலைவே போட்டுக்கொடுத்த எல்லை போய்விட்டதால், இந்தத் தலைமுறை அதைத் தன் வாயால் சொல்லியாக வேண்டியிருக்கிறது. முந்தைய தலைமுறைக்கு அந்தச் சங்கடம் இருந்ததில்லை. ஆகவே இதை எப்படிச் செய்வதென்று காட்டிக்கொடுக்க வீட்டில் ஆளும் இல்லை.

சட்டம் கேட்பது என்ன?

பெற்றோருக்குப் பிள்ளைகள் பட்டிருக்கும் கடமை எது என்று தெளிவாகப் பார்க்க, சட்டம் ஒரு நல்ல தொடக்கம். 2007-ம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், தம் வருமானத்திலோ சொத்திலோ வாழ முடியாத பெற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பை வயதுவந்த பிள்ளைகள் மேல் வைக்கிறது. மகன், மகள் என்ற வேறுபாடு அதில் இல்லை. பராமரிப்பு என்றால் உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் என்று சட்டமே விளக்குகிறது. பாதிக்கப்பட்ட பெற்றோர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை வழங்க உத்தரவிடலாம். திருமணமான மகளுக்கும் தந்தையைப் பராமரிக்கும் பொறுப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1987-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. இவ்வளவு கறாரான சட்டத்தில் ஒரு சொல் கிடையாது: கீழ்ப்படிதல். பெற்றோர் சொல்லும் வேலையில் சேர வேண்டும், அவர்கள் காட்டும் வரனைக் கட்ட வேண்டும், சம்பளத்தை அப்படியே ஒப்படைக்க வேண்டும் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை.

மறுபக்கம், 1875-ம் ஆண்டின் சட்டப்படி 18 வயது நிறைந்தவர் தன் முடிவுகளைத் தானே எடுக்கும் உரிமை பெற்றவர். இந்தப் பழைய விதியை நீதிமன்றங்களே சில சமயம் மறந்திருக்கின்றன. கேரளத்தைச் சேர்ந்த ஹாதியா என்ற 24 வயதுப் பெண்ணின் திருமணத்தை 2017-ல் கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்து, அவரைப் பெற்றோர் வீட்டுக்கு அனுப்பியது. உச்ச நீதிமன்றம் 2018-ல் அந்த உத்தரவை நீக்கி, வயதுவந்த ஒருவர் யாரை மணப்பது, எப்படி வாழ்வது என்பதைத் தீர்மானிப்பது அவர் மட்டுமே என்று உறுதிசெய்தது. அதே ஆண்டு இன்னொரு வழக்கில், வெளிநாட்டில் தந்தையுடன் இருக்க விரும்பிய 18 வயது மகளைத் தன்னிடம் ஒப்படைக்கும்படி தாய் கேட்டபோதும், பெண்ணின் விருப்பமே இறுதியானது, தாயின் உணர்ச்சிக்காக நீதிமன்றம் பாதுகாவலராக மாற முடியாது என்றது. இரு பக்கத்தையும் சேர்த்துப் படித்தால் தெரிவது இதுதான்: பெற்றோரைக் கைவிடுவது குற்றம், அவர்களுக்குக் கீழ்ப்படியாதது குற்றமல்ல. பராமரிப்பும் கட்டுப்பாடும் ஒன்றல்ல. நம் வீடுகளில் நடக்கும் பெரும்பாலான சண்டைகள் இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதிலிருந்துதான் தொடங்குகின்றன.

உச்ச நீதிமன்றம் 2016-ல் அளித்த ஒரு தீர்ப்பை இதற்கு எதிராகக் காட்டுபவர்கள் உண்டு. தக்க காரணமில்லாமல் கணவனைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனியே வாழ மனைவி தொடர்ந்து வற்புறுத்துவது கொடுமை, அது விவாகரத்துக்கு ஒரு காரணமாகலாம் என்றது அந்தத் தீர்ப்பு. மகன் பெற்றோரைப் பிரிவது நம் மரபல்ல என்றும் அதில் கூறப்பட்டது. ஆனால் அந்த வழக்கில் இருந்த வற்புறுத்தல், மகனுடைய வருமானத்தை நம்பி வாழ்ந்த பெற்றோரை அவன் விட்டுவிட வேண்டும் என்பது. நாம் இங்கே பேசும் எல்லை பெற்றோரின் சாப்பாட்டையும் மருந்தையும் தொடுவதே இல்லை. அதோடு, மரபு என்று அந்தத் தீர்ப்பு பொதுவாகச் சொன்னதை நம் ஊர்ப் பழக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் வேண்டும்.

இது இறக்குமதிச் சரக்கா?

எல்லை என்பது மேல்நாட்டுச் சிந்தனை, நமக்கு ஒத்துவராது என்பதுதான் அடிக்கடி கேட்கும் மறுப்பு. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதற்கு விடை தெரியும். நடுமுற்றமான வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். திருமணமான ஒவ்வொரு மகனுக்கும் அவனுடைய அறை. ஒரே கூரையின் கீழ் மூன்று தலைமுறை வாழ்ந்தது உண்மை. ஆனால் மணமாகிச் சிறிது காலத்தில் மகனையும் மருமகளையும் 'வேறு வைப்பது' அந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் வழக்கம். அதன்பின் அவர்களுக்குத் தனி அடுப்பு, தனி வரவுசெலவு. மணமானவர்களைத் தனிப் புள்ளியாகவே, அதாவது தனிக் குடும்பமாகவே, கோயிலும் கணக்கில் எடுத்துக்கொண்டது. திருமணம், திருவிழா, சாவு என்றால் எல்லோரும் ஒன்று; அன்றாடச் செலவில் அவரவர் தனி. இதைப் பெற்றோரே முன்னின்று செய்தார்கள். இது ஒரு சமூகத்தின் விதிவிலக்கு என்றும் சொல்ல முடியாது. ஒரே வாசலுக்குள் அண்ணன் தம்பிகள் தனித்தனியே உலை வைப்பது தமிழகத்தின் பல விவசாயக் குடும்பங்களில் இருந்துவரும் வழக்கம். 'தனிக்குடித்தனம்' என்று அதற்கு ஊரே பெயர் வைத்திருக்கிறது.

விசு இயக்கிய 'சம்சாரம் அது மின்சாரம்' படம் 1986-ல் வந்தபோது தமிழ்நாடே கொண்டாடியது. தேசிய விருதும் கிடைத்தது. பிரிந்த குடும்பம் ஒன்றுசேர்ந்தது என்று படத்தை முடித்திருக்கலாம். ஆனால் குடும்பத்தை ஒன்றுசேர்க்கப் பாடுபட்ட மூத்த மருமகளே, இனித் தனியே இருந்துகொண்டு அவ்வப்போது கூடிச் சந்தித்துப் பாசத்தைக் காப்பாற்றிக்கொள்வோம் என்று முடிவெடுக்கிறாள். அந்த முடிவை அன்றைய ரசிகர்கள் குடும்பத்துக்கு எதிரானதாகப் பார்க்கவில்லை. நியாயம் என்றே ஏற்றுக்கொண்டார்கள். பெற்றோருக்கும் வளர்ந்த பிள்ளைக்கும் கொஞ்சம் இடைவெளி வேண்டும் என்ற அறிவு நம்மிடம் இருந்திருக்கிறது. ஆனால் அது திருமணமானவர்களுக்கு மட்டும், அதிலும் ஆண் வழியாக மட்டும் கிடைத்தது. திருமணமாகாமல், தனி வருமானத்தோடு, தனி வீட்டில் 28 வயதில் வாழும் ஒரு மகளோ மகனோ அந்த ஏற்பாட்டில் எங்கும் இல்லை. நம் மரபுக்குள் இருக்கும் ஓர் ஏற்பாட்டை இவர்களுக்கும் விரிப்பதுதான் இப்போது செய்ய வேண்டியது.

பாசமும் இடைவெளியும் சேர்ந்தே இருக்கலாம் என்பதையே உளவியல் ஆய்வுகளும் சொல்கின்றன. துருக்கியைச் சேர்ந்த உளவியலாளர் சிதெம் காய்ட்சிபாஷி, குழந்தைகளைப் பெற்றோர் எதற்காக மதிக்கிறார்கள் என்று பல நாடுகளில் நடந்த ஆய்வில் 1970-களில் பங்கேற்றவர். படிப்பும் நகர வாழ்வும் பெருகப் பெருக, பிள்ளை சம்பாதித்துப் போடுவான் என்ற எதிர்பார்ப்பு குறைகிறது என்பது அவர் கண்டது. அதனால் மேற்கு ஐரோப்பாவைப் போல எல்லா நாட்டிலும் குடும்பம் தளர்ந்துவிடும் என்று பலர் நினைத்தார்கள். அப்படி நடக்கவில்லை என்று அவர் காட்டினார். பாசத்தில் ஒருவரை ஒருவர் சார்ந்திருப்பது குறையவில்லை, சொல்லப்போனால் கூடியது. தன் முடிவைத் தானே எடுப்பதும் பெற்றோரோடு நெருக்கமாக இருப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல, இரண்டும் ஒரே மனிதரிடம் இருக்க முடியும், இருப்பதே ஆரோக்கியமானது என்பது அவருடைய முக்கியமான முடிவு. கூட்டு வாழ்வைப் போற்றும் ஒரு சமூகத்திலிருந்து வந்த முடிவு என்பதால் இது நமக்கு நெருக்கமானது.

குடும்பச் சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரான சால்வடோர் மினுச்சின் 1974-ல் எழுதிய நூலில் இரண்டு வகைக் குடும்பங்களை விவரித்தார். ஒன்றில் யாருக்கும் தனி இடம் இல்லை. ஒருவரின் சிறு வருத்தமும் உடனே எல்லோருக்கும் நெருக்கடியாகிறது. மற்றொன்றில் ஒருவருக்கு என்ன நேர்ந்தாலும் அடுத்தவரை எட்டுவதில்லை. இரண்டுமே துன்பம் தரும், நடுவில் இருக்கும் தெளிவான எல்லைதான் குடும்பத்துக்கு நலம் என்றார். அந்த எல்லையை எப்படிக் கொண்டுவருவது என்பதற்கும் ஆய்வு உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கிரா பர்டிட்டும் சக ஆய்வாளர்களும் அமெரிக்கக் குடும்பங்களில் தாய், தந்தை, வளர்ந்த பிள்ளை ஆகிய மூவரிடமும் உரசல்களை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டு 2009-ல் வெளியிட்ட ஆய்வில், நிதானமாகப் பேசி அடுத்தவர் பக்கத்தைப் புரிந்துகொள்ள முயன்றவர்களின் உறவு நன்றாக இருந்தது. கத்திச் சண்டை போட்டவர்களின் உறவு மட்டுமல்ல, பேச்சைத் தவிர்த்து ஒதுங்கியவர்களின் உறவும் கெட்டிருந்தது. நம் வீடுகளில் மௌனத்தையும் மறைப்பையும் நாம் மரியாதை என்று எண்ணிப் பழகியிருக்கிறோம். அது மரியாதையாக இருக்கலாம், உறவுக்கு நல்லதல்ல.

எப்படிச் சொல்வது?

வெளிப்படையான எல்லைக்கு மூன்று இலக்கணங்கள் உண்டு. முதலாவது, கொடுப்பதைச் சொல்லிவிட்டுத்தான் மறுப்பதைச் சொல்ல வேண்டும். பெற்றோரின் பயமெல்லாம் கைவிடப்படுவோமோ என்பதுதான். அந்தப் பயம் தீராதவரை எந்த எல்லையும் அவர்கள் காதில் 'உங்களை விட்டுப் போகிறேன்' என்றே விழும். இரண்டாவது, எல்லை என்பது நான் என்ன செய்வேன் என்பதைப் பற்றியது. நீங்கள் என்ன செய்யக் கூடாது என்ற கட்டளை அல்ல. அப்பா கேள்வி கேட்பதைத் தடுக்க யாராலும் முடியாது. எந்தக் கேள்விக்குப் பதில் சொல்வேன், எதற்குச் சொல்ல மாட்டேன் என்பது மட்டுமே பிள்ளையின் கையில் இருக்கிறது. மூன்றாவது, சொன்னதை மாதக்கணக்கில் மாறாமல் கடைப்பிடிக்க வேண்டும். முதல் முறை அழுகை வந்ததும் விட்டுக்கொடுத்து, மூன்றாம் முறை எரிந்து விழுவதுதான் எல்லோரையும் அதிகம் காயப்படுத்துகிறது.

அழைப்புகளை எடுத்துக்கொள்வோம். வேலை நேரத்தில் ஐந்து முறை அழைக்கும் அம்மாவின் எண்ணை ஒலியில்லாமல் வைத்துவிட்டு, இரவில் "சார்ஜ் இல்லம்மா" என்பது மறைவான எல்லை. "அம்மா, தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு நானே கூப்பிடறேன். வேலை நேரத்துல என்னால எடுக்க முடியாது. அவசரம்னா ரெண்டு தடவை தொடர்ந்து அடி, எந்த மீட்டிங்கா இருந்தாலும் எடுத்துடறேன்" என்பது வெளிப்படையான எல்லை. சொல்லும் ஒன்பது மணியைப் பிள்ளை தவறவிடக் கூடாது. அந்த ஒழுங்கில்தான் அம்மாவின் பதற்றம் அடங்கும். பணத்திலும் இப்படித்தான். எவ்வளவு சம்பளம் என்று மறைப்பதைவிட, "அப்பா, மாசம் அஞ்சாம் தேதி பதினஞ்சாயிரம் வந்துடும்ப்பா. அதை எப்படிச் செலவு பண்ணீங்கன்னு நான் கேக்கமாட்டேன். ஆஸ்பத்திரிச் செலவு வந்தா அது தனி, நான் பாத்துக்கறேன். மிச்சத்தை நான் எப்படி வச்சிக்கறேன்கிறது என்கிட்ட இருக்கட்டும்" என்பது நேர்மையானது. தங்கை கல்யாணத்துக்கோ வீட்டுக் கடனுக்கோ தனியே கொடுப்பதானால் எவ்வளவு, எதுவரை என்று தொடக்கத்திலேயே பேசிவிட வேண்டும். தொகையும் முடிவுத் தேதியும் இல்லாத உதவிதான் பின்னாளில் உடன்பிறந்தவர்களையே பகையாளிகளாக்குகிறது.

கல்யாணப் பேச்சு இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது. பிள்ளைக்குத் தெரியாமல் திருமணத் தகவல் தளத்தில் பதிவு போடுவதும், பொங்கலுக்கு ஊருக்கு வந்த பெண்ணுக்கு முன்னறிவிப்பில்லாமல் மாப்பிள்ளை வீட்டாரை வரவழைப்பதும் சாதாரணமாக நடக்கின்றன. "எனக்குக் கல்யாணத்துல விருப்பம் வந்தா முதல்ல உங்ககிட்டதான் சொல்வேன். அதுவரைக்கும் என்னைக் கேக்காம என் ஜாதகத்தைக் குடுத்தா, அதுல வர்ற வரனுக்கு நான் பதில் சொல்லமாட்டேன். கேக்காம யாரையாவது வரச் சொன்னா நான் அவங்க முன்னாடி வரமாட்டேன்" என்று சொல்வதில் அவமரியாதை எதுவும் இல்லை. ஆனால் முதல் வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும். யாரையோ காதலித்துக்கொண்டு அதை மறைத்து இந்தப் பேச்சைப் பேசினால், அதுவும் இன்னொரு பொய்தான். இதைப் பெரியப்பா மூலமாகவோ சித்தி மூலமாகவோ சொல்லியனுப்புவதும் கூடாது. மூன்றாம் மனிதர் வாயிலாக வரும் எல்லை, சொன்னவரின் கோபதாபங்களையும் சேர்த்துக்கொண்டுதான் வந்து சேரும்.

மறுப்புகளும் பதில்களும்

நகையை அடகு வைத்துப் படிக்க வைத்தோமே, அதற்கு இதுதான் பலனா என்று கேட்கும் பெற்றோரின் வலி உண்மையானது. தமிழ்நாட்டு அரசின் முதியோர் ஓய்வூதியம் 2023-ல் உயர்த்தப்பட்டபோதும் மாதம் 1,200 ரூபாய்தான். அமைப்புசாரா வேலையில் வாழ்நாளைக் கழித்த லட்சக்கணக்கான பெற்றோருக்குப் பிள்ளைகளைத் தவிர வேறு காப்பீடு கிடையாது. எனவே படிப்புக்கு வாங்கிய கடன் இன்னும் நிற்கிறதென்றால் அதை அடைப்பது பிள்ளையின் முதல் வேலை. நகையை மீட்டுக் கொடுப்பது அடுத்தது. இதைச் செய்யாமல் எல்லையைப் பற்றிப் பேசுபவரின் பேச்சில் அறம் இல்லை. ஆனால் நன்றிக்கடன் என்பது வாழ்நாள் முழுவதற்கும் எழுதிக்கொடுத்த ஒப்புதல் அல்ல. தாமே யோசித்து முடிவெடுக்கும் திறமை வர வேண்டும் என்றுதான் பெற்றோர் படிக்க வைத்தார்கள். அந்தத் திறமை வந்தபின் முடிவெடுக்கும் உரிமையை மட்டும் தர மறுத்தால், பட்ட பாட்டின் பலனைத் தாமே குறைத்துக்கொள்கிறார்கள்.

தனிமையின் மறுப்பு இதைவிடக் கனமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 10 சதவீதத்துக்கு மேற்பட்டோர் 60 வயதைக் கடந்தவர்கள். இன்று அந்தப் பங்கு இன்னும் கூடிவிட்டது. பிள்ளை வளர்ப்பதையே வேலையாகக் கொண்டு வாழ்ந்த தாய்க்குப் பிள்ளை போனபின் பகல் நீளமாகிறது. அவர் அடிக்கடி அழைப்பதில் அதிகாரத்தைவிட வெறுமையே அதிகம். இதைப் புரிந்துகொள்ளாத எல்லை கொடுமையாகிவிடும். ஆனால் பிள்ளை அழைப்பை எடுத்துவிட்டு மனமில்லாமல் 'ம்' கொட்டுவதால் அந்த வெறுமை தீராது. நிச்சயமாக வரும் ஓர் அழைப்பும், முன்கூட்டியே சொல்லிவிட்டு வரும் ஒரு வருகையும், அம்மாவுக்கென்று ஊரில் ஒரு வட்டமும்தான் தீர்க்கும். மகளிர் குழுவோ கோயில் காரியமோ நடைப்பயிற்சித் தோழிகளோ அந்த வட்டமாக அமைய பிள்ளை துணை நிற்க வேண்டும்.

மகன்களுக்கும் மகள்களுக்கும் இந்தச் சுமை ஒரே மாதிரி இல்லை. மகனிடம் பெரும்பாலும் பணத்தில் கண். மகளிடம் நடமாட்டத்தில் கண். எத்தனை மணிக்கு அறைக்கு வந்தாய், உடன் யார் இருக்கிறார்கள், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற கேள்விகள் பெண்ணுக்கே அதிகம். அதே சமயம் திருமணமான மகள் பெற்றோருக்குப் பணம் கொடுத்தால் வாங்கத் தயங்குகிறார்கள். மகள் வீட்டில் தங்குவதைக் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். அவளுடைய கடமையை ஏற்காமல் அவளுடைய வாழ்க்கையைக் கண்காணிக்கும் உரிமையை மட்டும் வைத்துக்கொள்வது நியாயமில்லை. மகள் கொடுப்பதை மகன் கொடுப்பதுபோலவே பெற்றோர் வாங்கிக்கொள்ளும்போதுதான் மகளும் நிமிர்ந்து நின்று தன் எல்லையைச் சொல்ல முடியும்.

பிள்ளைகள் ஏற்க வேண்டிய கறாரான உண்மையும் ஒன்று உண்டு. பெற்றோரின் சேமிப்பில் வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டு, அந்த வீட்டைப் பற்றி அவர்கள் பேசவே கூடாது என்று சொல்ல முடியாது. பேரக் குழந்தையைக் காலை முதல் மாலை வரை பாட்டி வளர்க்கிறார் என்றால், குழந்தை என்ன சாப்பிட வேண்டும் என்பதில் அவருக்கும் ஒரு குரல் உண்டு. எவ்வளவு வாங்குகிறோமோ அவ்வளவுக்கு அவர்கள் தலையீடும் வரும். எல்லை வேண்டுமென்றால் முதலில் வாங்குவதைக் குறைக்க வேண்டும். குறைக்க முடியாத இடத்தில் பகிர்ந்து முடிவெடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அடியும் மிரட்டலும் உள்ள வீடுகளுக்கு இந்த யோசனைகள் பொருந்தா என்பதையும் சொல்லியாக வேண்டும். சாதி மாறிக் காதலித்ததற்காக அடைத்துவைக்கும், கொல்லத் துணியும் குடும்பத்தின் முன் உட்கார்ந்து எல்லை பேசுவது உயிருக்கு ஆபத்து. அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு. சாதி மறுப்புத் திருமணம் செய்வோரைக் காக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் சிறப்புப் பிரிவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் உத்தரவிட்டிருக்கிறது. பெண்களுக்கு 181 உதவி எண் இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் உண்மையை மறைத்தால் அது தற்காப்பு; அதற்காக அவர்களைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை.

எல்லை பெற்றோருக்கும் உரியது. பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதத்துக்கு மேல் வர முடியாது என்று ஒரு தாய் சொல்லலாம். உயிரோடு இருக்கும்வரை வீட்டை எழுதித்தர மாட்டேன் என்று ஒரு தந்தை சொல்லலாம். பராமரிப்பார்கள் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பிள்ளைகள் பராமரிக்கத் தவறினால் மீட்கும் வழியை 2007-ம் ஆண்டுச் சட்டத்தின் 23-வது பிரிவே தருகிறது. பிள்ளைகள் மேல் வைத்த பாசத்தால் மறுக்கத் தெரியாமல் உடம்பையும் சொத்தையும் இழந்த பெற்றோர் நம்மைச் சுற்றி இருக்கிறார்கள். மறுக்கும் உரிமையைப் பிள்ளைக்குக் கொடுக்கும் வீட்டில்தான் பெற்றோரும் அதைத் தயக்கமின்றிக் கையில் எடுக்க முடியும்.

இந்தியாவில் 60 வயதை எட்டுபவர் சராசரியாக இன்னும் 18 ஆண்டுகள் வாழ்கிறார். 55 வயதுப் பெற்றோரும் 25 வயதுப் பிள்ளையும் வளர்ந்த மனிதர்களாகச் சேர்ந்து வாழப்போகும் காலம், பிள்ளை அவர்கள் மடியில் வளர்ந்த காலத்தைவிட நீளமாக இருக்கக்கூடும். அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புக்கொள்வதா, ஊர் வீட்டை விற்பதா, ஒருவர் போனபின் மற்றவர் யாரோடு இருப்பது போன்ற முடிவுகள் எல்லாம் அந்த ஆண்டுகளில்தான் வரும். அவற்றை ஒளிவுமறைவில்லாமல் பேசத் தெரிந்தவர்கள்தான் சேர்ந்து எடுக்க முடியும். பத்து ஆண்டு தொலைபேசியில் பொய் மட்டுமே பேசிப் பழகியவர்களுக்கு மருத்துவமனை வராந்தாவில் திடீரென்று உண்மை பேச வராது. ஆகவே பெற்றோர் தெம்பாக இருக்கும்போதே, அழைக்கும் நேரம் போன்ற ஒரு சிறிய விஷயத்தில் இந்தப் பழக்கத்தைத் தொடங்குவது நல்லது. முதல் முறை அம்மா அழலாம், அப்பா சில நாள் பேசாமல் இருக்கலாம். பிள்ளை சொன்ன நேரத்துக்கு அழைத்து, சொன்ன தேதியில் பணம் அனுப்பி, சொன்ன நாளில் ஊருக்கு வந்தால், தாம் கைவிடப்படவில்லை என்று அவர்களுக்கே புரியும். அதன்பின் பிள்ளை சொல்லும் எதையும் அவர்கள் நம்பலாம். பெற்றோருக்குப் பிள்ளை கொடுக்கக்கூடிய மரியாதையில் அதைவிடப் பெரியது இல்லை.